ஒரு தாளின் இரண்டு பக்கங்கள்

1

வளைகாப்பு முடிந்து அரியலூருக்கு, அம்மா வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மீட்டிங் எதுவும் இல்லாத ஒரு மதியம் லேப்டாப்பில் புது டாக்குமென்ட் ஒன்றைத் திறந்து, 'பிரசவத் திட்டம், வெர்ஷன் 1' என்று தலைப்பு வைத்தேன். மென்பொருள் வேலைக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. சர்வரில் ஒரு சின்ன மாற்றத்தை ஏற்றுவதற்கே யார் பொறுப்பு, எது தப்பாகப் போகலாம், போனால் எப்படிப் பழைய நிலைக்குத் திரும்புவது என்று எழுதி வைத்துவிட்டுத்தான் கை வைப்போம். என் உடம்பிலிருந்து இன்னொரு உயிர் வெளியே வரப்போகிற காரியத்துக்கு ஒரு தாள்கூட இல்லாமல் போவதா என்று தோன்றியது.

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்தார்.

"என்னா பாப்பா, ஆபீஸ் வேலையா?"

"இல்லம்மா. டெலிவரி அப்ப எனக்கு என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாதுன்னு முன்னாடியே எழுதிக் குடுக்குறது. வெளிநாட்ல எல்லாரும் செய்றாங்க."

அம்மா கொஞ்ச நேரம் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னையெல்லாம் யாரு கேட்டா?" என்றார்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக அதைச் சொன்னார். 1990இல் நான் பிறந்தேன். நான் பிறந்த பிறகு மாசக்கணக்கில் அவருக்கு இடுப்புவலி, நிற்காத உதிரப்போக்கு. பேய்க்குப் பார்த்தார்கள், உஷ்ணம் என்றார்கள். கடைசியில் வேறு ஒரு டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "காப்பர் டி போட்டுருக்காங்களே, தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார். தெரியாது. பிரசவம் முடிந்த கையோடு யாரோ போட்டிருக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை, போட்ட பிறகும் சொல்லவில்லை. பஸ் கண்டக்டர் பாக்கிச் சில்லறை தராமல் போனதைச் சொல்வதுபோல அம்மா இதைச் சொன்னார். அடுத்த கட்டுக் கீரையை எடுத்தார்.

நான் அந்த டாக்குமென்ட்டை மூடிவிட்டேன். அடுத்த இரண்டு வாரம் ஒரு வரிகூட எழுதவில்லை. அப்படி ஒரு தாளை நீட்டினால் லேபர் வார்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். 'கூகுள் படிச்சிட்டு வந்திருக்கா' என்று ஒரு பார்வை வரும். அந்தப் பார்வை உள்ளவர் கையில்தான் அடுத்த பன்னிரண்டு மணி நேரம் நான் இருக்கவேண்டும். எழுதாமல் போனால், அம்மாவைக் கேட்காத மாதிரி என்னையும் கேட்கமாட்டார்கள். முடிவு எடுப்பதற்கு முன்னால் இந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று பார்க்க நினைத்தேன்.

2

அது அமெரிக்காவிலிருந்து வந்தது. வந்த கதை ஒரே நேர்கோடாக இல்லை.

1914 வாக்கில் அமெரிக்க நடுத்தர வர்க்கப் பெண்கள் ஒரு பிரசவ உரிமைக்காக இயக்கம் நடத்தினார்கள். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் மார்ஃபினும் ஸ்கோபோலமினும் கொடுத்துப் பிரசவம் பார்க்கும் முறை ஒன்று இருந்தது. 'அந்தி உறக்கம்' என்று அதற்குப் பெயர். அதில் வலி முழுசாகப் போகாது. வலித்த ஞாபகம்தான் போகும். அது எங்களுக்கும் வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள், டாக்டர்கள் தயங்கினார்கள். ஒரு தலைமுறை கழிந்ததும் மயக்க மருந்துப் பிரசவம் ஆஸ்பத்திரிகளில் சாதாரண நடைமுறை ஆகிவிட்டது. மருந்தின் வேகத்தில் பெண்கள் திமிறுவார்கள் என்பதால் கையையும் காலையும் கட்டினார்கள். 1957இல் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' பத்திரிகைக்கு ஒரு நர்ஸ் எழுதினார்: பிரசவ வார்டுகளில் நடக்கும் கொடுமையை விசாரியுங்கள் என்று. கடிதங்கள் குவிந்தன. 1958இல் அவற்றை வைத்தே அந்தப் பத்திரிகை கட்டுரை வெளியிட்டது. பாட்டிகள் போராடி வாங்கியதிலிருந்து பேத்திகள் தப்பிக்கப் போராடினார்கள்.

இடையில் பிரிட்டனில் கிராண்ட்லி டிக்-ரீட், பிரான்சில் ஃபெர்னான் லமாஸ் என்று ஆண் டாக்டர்கள் சிலர், பயத்தைக் குறைத்தால் வலி குறையும், மூச்சைப் பழக்கினால் மருந்து வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1970களில் பெண்கள் இயக்கம் வந்தது. அப்போதும் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் பிறப்புறுப்பு முடியை மழிப்பது, எனிமா கொடுப்பது, பிறப்பு வாயை வெட்டித் தைப்பது எல்லாம் வழக்கமான வேலைகள். தேவையா என்று யாரும் யோசிப்பதில்லை. 1980இல் சியாட்டிலைச் சேர்ந்த பென்னி சிம்கினும் கார்லா ரெய்ன்கியும் சேர்ந்து ஒரு சிறு கையேடு போட்டார்கள். உங்கள் விருப்பங்களை முன்கூட்டியே யோசித்து, எழுதி, டாக்டரோடு பேசுங்கள் என்பது அதன் சாரம். இன்று இணையத்தில் இறக்கிக்கொள்ளும் பிரசவத் திட்டப் படிவங்களுக்கெல்லாம் மூலம் என்று பொதுவாக அதைத்தான் சொல்கிறார்கள்.

ஆக, அந்தத் தாள் ஆஸ்பத்திரிக்கு வெளியே நின்றவர்கள் எழுதியது இல்லை. ஆஸ்பத்திரி கைக்கெட்டும் தூரத்தில், ரத்தமும் டாக்டரும் தியேட்டரும் தயாராக இருந்த ஒரு ஊரில், அளவுக்கு மீறிச் செய்யப்பட்டவர்கள் எழுதியது. 'செய்யாதீர்கள்' என்பதுதான் அதன் அடிநாதம். இங்கே நம் கதை தலைகீழாக இருக்கிறது.

3

என் அம்மாயிக்கு ஏழு பிள்ளைகள், தங்கியது ஐந்து. எல்லாமே திருமானூர்ப் பக்கத்துக் கிராமத்தில், வீட்டின் பின்கட்டில், மருத்துவச்சி கையால். நாவிதர் குடும்பத்துப் பெண் அவர். கூலி நெல்லும் ஒரு சேலையும் வெற்றிலை பாக்கும். அம்மாயி அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரல் இளகும். 'கைராசிக்காரி' என்பார். அதே மூச்சில் மூன்றாவது பிள்ளையைப் பற்றியும் சொல்வார். பிறந்து ஒரு வாரத்தில் பால் குடிப்பதை நிறுத்தி, வில்லாக விறைத்து, எட்டாம் நாள் போய்விட்டது. அது ரணஜன்னி என்று பள்ளியில் உயிரியல் படிக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. சுத்தமில்லாத கத்தியில் அறுத்த தொப்புள்கொடி வழியாக வருவது. கர்ப்பிணிக்குப் போடும் தடுப்பூசியும் ஒரு புது பிளேடும் இருந்திருந்தால் எனக்கு இன்னொரு மாமாவோ சித்தியோ இருந்திருப்பார்கள். பிரசவத்தில் வரும் ரணஜன்னியை ஒழித்துவிட்டதாக இந்தியா அறிவிக்க 2015 வரை ஆனது.

அந்தக் காலத்துப் பிரசவத்தில் பெண்ணிடம் கேட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரே இரவில் நடந்த சம்பவம் பிரபலமானது. மிஷனரி டாக்டர் ஜான் ஸ்கட்டரின் மகள் ஐடா அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். மருத்துவம் படிக்காத இளம்பெண். அன்றிரவு அடுத்தடுத்து மூன்று ஆண்கள் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிகளும் பிரசவத்தில் சிக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா வருவார், அவர்தான் டாக்டர் என்று ஐடா சொன்னார். ஆண் டாக்டர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்றார்கள். தனக்கு ஒன்றும் தெரியாது என்றதும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். ஐடா திரும்பிப் போய் மருத்துவம் படித்து, 1900இல் வேலூர் வந்தார். இன்றைய சி.எம்.சி. அங்கிருந்து வளர்ந்தது.

இந்தக் கதையை ஐடா டாக்டரான கதையாகத்தான் இதுவரை படித்திருந்தேன். இந்த முறை வேறு ஒன்று கண்ணில் பட்டது. அன்றிரவு அந்த மூன்று வீட்டிலும் ஒரு பிரசவத் திட்டம் இருந்தது. யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று தெளிவாகவே இருந்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் கணவன்மார். உள்ளே கிடந்தவளின் விருப்பம் என்ன என்று அந்தக் கதையில் எங்குமே இல்லை.

சென்னை எழும்பூரில் பிரசவ ஆஸ்பத்திரி 1844இலேயே வந்துவிட்டது. ஆனால் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி என்பது எங்கள் பக்கத்துக் கிராமங்களின் பழக்கமாக இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. தமிழ்நாட்டில் 2001–03 காலத்தில்கூட ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். ஏன் சாகிறார்கள் என்பதற்கு 1994இல் தாடியஸ், மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்று தாமதங்களைச் சொன்னார்கள்: போகலாம் என்று வீடு முடிவெடுக்கும் தாமதம், வண்டி கிடைத்துப் போய்ச் சேரும் தாமதம், போன இடத்தில் கவனிக்கும் தாமதம். அரியலூர்க்காரர்களுக்கு இரண்டாவது தாமதத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நிலைமை கைமீறினால் திருச்சிக்கோ, கொள்ளிடம் தாண்டித் தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கோ போகவேண்டும். சிமென்ட் லாரிகளுக்கு நடுவில், வாடகைக் காரில், யாராவது பணம் புரட்டிக்கொண்டு வந்த பிறகு.

இங்கேதான் இரண்டாவது பிரசவத் திட்டம் வருகிறது. 2005இல் மத்திய அரசு ஜனனி சுரக்ஷா திட்டத்தைத் தொடங்கியபோது, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒரு குறுந்திட்டம் போடவேண்டும் என்று களப்பணியாளர்களுக்குச் சொன்னது. தேதி எப்போது, எந்த ஆஸ்பத்திரி, சிக்கலானால் அடுத்து எங்கே, எந்த வண்டி. இதற்கும் பெயர் பிரசவத் திட்டம்தான். சியாட்டிலில் எழுதியது அந்தப் பெண்ணே. இங்கே எழுதுவது கிராம சுகாதார செவிலியர். அதில் இருந்தது 'என்னை இப்படிச் செய்யாதீர்கள்' என்பது. இதில் இருப்பது 'உன்னைச் சாகவிடமாட்டோம்' என்பது.

4

அந்த வாக்கை இந்த மாநிலம் பெருமளவு காப்பாற்றியது. இதை முதலில் சொல்லாமல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987இல் முந்நூறு ரூபாயில் தொடங்கிய பேறுகால உதவித்தொகை 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று ஏறியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஷிப்டுக்கு மூன்று செவிலியர்களைப் போட்டு, ராத்திரி இரண்டு மணிக்கும் பிரசவம் பார்க்க வைத்தார்கள். ஒரு தாய் இறந்தால் ஏன் என்று ஒவ்வொரு சாவையும் தனித்தனியாக விசாரித்தார்கள். 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2022 ஜனவரியில் அரியலூருக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 134 என்ற அந்த எண் 2018–20இல் 54. அம்மாயி ஊரில் இன்று வீட்டில் பிள்ளை பெறுபவர் யாரும் இல்லை.

ஆனால் என் அம்மாவுக்கு நடந்ததும் அதே நிர்வாகத்தில்தான் நடந்தது. அது எங்கோ நடந்த ஒரு தவறு என்றுதான் நினைத்திருந்தேன். ஸிசிலியா வான் ஹாலன் என்ற மானுடவியலாளர் 1995இல் சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் ஏழைப் பெண்களோடு பேசி எழுதிய 'பர்த் ஆன் தி த்ரெஷோல்ட்' 2003இல் வெளியானது. பிரசவம் முடிந்த கையோடு, சரியாகக் கேட்காமலும் சில சமயம் சொல்லாமலுமே காப்பர் டி பொருத்தப்பட்ட பெண்கள் அதில் வருகிறார்கள். குடும்பக்கட்டுப்பாட்டுக்கு இத்தனை பேர் என்று மேலிருந்து இலக்கு வைத்த காலம் அது. அந்த இலக்கு முறையை மத்திய அரசு 1996இல்தான் கைவிட்டது. அம்மா ஒரு கணக்கில் ஒரு எண்ணாக இருந்திருக்கிறார்.

அந்தப் புத்தகத்தில் என்னை யோசிக்க வைத்த இன்னொரு விஷயம், வலி வரவைக்கும் ஊசி. வலியைக் குறைக்க மருந்து கிடைக்காத வார்டுகளில் வலியைக் கூட்டும் ஆக்சிடோசின் தாராளமாக ஏறியது. அதைப் பல பெண்கள் தாங்களே கேட்டும் வாங்கினார்கள். நல்லா வலி வந்தால் சீக்கிரம் முடியும், வலி என்பதே ஒரு சக்தி என்று அவர்கள் நினைத்தார்கள். லமாஸ் வகுப்புக்குப் போகும் சியாட்டில்காரி ட்ரிப் வேண்டாம் என்று எழுதுவாள், காஞ்சிபுரத்துக்காரி ட்ரிப் போடுங்கள் என்று கேட்பாள். இயற்கையாகப் பெறுவதுதான் எல்லாப் பெண்களின் விருப்பமும் என்று எனக்கு யாரும் இனி சொல்ல முடியாது. கேட்டால்தான் தெரியும்.

இன்று கேட்காமல் செய்யப்படுவதன் முகம் மாறியிருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். அதற்கு முந்தைய ஆய்வில் 34. என் தோழிகளில் பாதிப் பேருக்கு வயிற்றில் தழும்பு இருக்கிறது. 'ஏன் ஆபரேஷன்?' என்று கேட்டால் தெளிவாகக் காரணம் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. சிலருக்கு அது உயிரைக் காப்பாற்றியிருக்கும். யாருக்கு என்று அவர்களுக்கே தெரியாது. சியாட்டிலின் பிரச்சினை நமக்கும் வந்துவிட்டது. திண்டிவனத்தின் பிரச்சினையும் முழுசாகப் போய்விடவில்லை.

5

2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு இளம் ஆசிரியை ஆஸ்பத்திரியே வேண்டாம் என்று வீட்டில் பிரசவித்தார். கணவரும் நண்பர்களும் உடனிருந்தார்கள், யூடியூப் காணொளிகள் வழிகாட்டின. குழந்தை பிழைத்தது. தாய் ரத்தப்போக்கில் இறந்தார். செய்தி வந்தபோது எங்கள் ஆபீஸ் கேன்டீனில் எல்லோரும் அந்தக் கணவரைத் திட்டினோம். இப்போது மறுபடி படிக்கும்போது, அவர்கள் எதிலிருந்து தப்பிக்க நினைத்தார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. ஊசி, கத்தி, அதட்டல். தப்பிக்க நினைத்ததோடு சேர்த்து ஒரு மருந்தையும் விட்டுவிட்டார்கள்.

இங்கே என் பொறியாளர் மூளைக்கு ஒரு பிடி கிடைத்தது. பிரசவத்துக்கு முன்னால் வலியைக் கூட்ட ஏற்றுகிறார்களே, அதே ஆக்சிடோசின்தான் குழந்தை வெளியே வந்ததும் கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து ரத்தப்போக்கைத் தடுக்கிறது. உலக சுகாதார நிறுவனம் எல்லாத் தாய்க்கும் அதைக் கொடுக்கச் சொல்கிறது. மருந்து ஒன்றுதான், குழந்தை பிறக்கும் நிமிடம்தான் கோடு. 'ஆக்சிடோசின் வேண்டாம்' என்று மொட்டையாக ஒரு வரி எழுதினால் அது என்னைக் கொல்லலாம். 'முன்னால் போடுவதென்றால் காரணம் சொல்லுங்கள், பின்னால் போடுவதற்கு என்னைக் கேட்கவே வேண்டாம்' என்று எழுதினால் அதுதான் திட்டம். வேண்டாம் என்பதன் பட்டியலாக நான் எழுத நினைத்தது தப்பு. எங்கே கேட்கவேண்டும், எங்கே கேட்டு நேரத்தை வீணாக்கக்கூடாது என்று பிரிப்பதுதான் வேலை.

தாளை மட்டும் நம்பவும் முடியாது. பிரசவப் பாதுகாப்புக்கென உலக சுகாதார நிறுவனம் செய்த சரிபார்ப்புப் பட்டியலை உத்தரப்பிரதேசத்தில் பெரிய அளவில் சோதித்தார்கள். முடிவு 2017இல் வந்தது. செவிலியர்கள் சரியான வேலைகளை முன்னைவிட அதிகம் செய்தார்கள். சாவு எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. டிக் அடித்த பட்டியலை வைத்துக்கொண்டு சர்வர் விழுவதைப் பார்த்த எனக்கு இது ஆச்சரியமாக இல்லை.

அதே 1980இல், சிம்கின் கையேடு வந்த வருஷமே, குவாத்தமாலாவிலிருந்து ஒரு சிறிய ஆய்வு வெளியானது. அங்கே ஒரு நெரிசலான அரசு ஆஸ்பத்திரியில், தனியாகப் பிரசவிக்கும் பெண்கள் சிலர் பக்கத்தில் மருத்துவம் தெரியாத ஒரு சாதாரணப் பெண்ணை உட்காரவைத்தார்கள். கையைப் பிடிப்பது, முதுகைத் தடவுவது, பேசுவது, அவ்வளவுதான் வேலை. துணை இருந்தவர்களுக்குப் பிரசவ நேரம் பாதிக்கும் கீழே குறைந்தது. பின்னால் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும், தொடர்ந்து துணை இருந்தால் சிசேரியன் குறைகிறது என்றே காட்டின. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகள் 2000களிலேயே பிரசவ அறையில் ஒரு பெண் துணையை அனுமதிக்கத் தொடங்கின. 2018இல் உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரையாக வைத்தது. அம்மாயிக்கு அந்த மருத்துவச்சியைப் பற்றிப் பேசும்போது ஏன் குரல் இளகியது என்று அப்போதுதான் விளங்கியது. கத்தி சுத்தமில்லை, ஆனால் பக்கத்தை விட்டு நகரவில்லை.

6

இரண்டு வாரம் கழித்து டாக்குமென்ட்டை மறுபடி திறந்தேன். நான்கு பக்கத்துக்கு வந்தது. சென்னையிலிருந்து என் கணவர் படித்துவிட்டு, 'நைட் ஷிப்ட் நர்ஸ் இதைப் படிக்க முப்பது செகண்ட் கிடைக்குமா?' என்று ஒரு கமெண்ட் போட்டார். வெட்டி வெட்டி ஒரே தாளுக்குக் கொண்டுவந்தேன்.

முன்பக்கம் எட்டு வரி. அம்மா என்னோடு உள்ளே இருப்பார். படுக்க வேண்டிய கட்டாயம் வரும்வரை நடப்பேன். வலி ஊசி போடுவதென்றால் ஏன் என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். வெட்டுவது தேவைப்பட்டால் மட்டும், சொல்லிவிட்டு. பிள்ளை பிறந்ததும் ரத்தப்போக்குக்கான ஊசியை உடனே போடுங்கள். குழந்தை நன்றாக இருந்தால் என் நெஞ்சில் போடுங்கள், சீம்பால் கொடுப்பேன். சிசேரியன் அவசரம் என்றால் என்னிடம் வாதாடிக் காத்திருக்க வேண்டாம், காரணத்தை அம்மாவிடம் சொல்லுங்கள். காப்பர் டி வேண்டாம். இது நான் வலியில்லாமல், யோசித்து எழுதியது.

பின்பக்கம் அரசாங்கத்தின் பிரசவத் திட்டம். ரத்த வகை, ரத்தம் கொடுக்கத் தயாராக இருக்கும் இரண்டு பேர், கர்ப்பிணிப் பதிவு எண், எந்த ஆஸ்பத்திரி, அங்கிருந்து அனுப்பினால் தஞ்சாவூர், ராத்திரியில் எழுப்பினால் வரும் டிரைவர் நம்பர்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நர்சம்மா வீட்டுக்கு வந்தபோது தயங்கித் தயங்கித் தாளை நீட்டினேன். அவர் முதலில் பின்பக்கத்தைத் திருப்பினார். ரத்தம் கொடுப்பவர் ஒருவர் வெளியூர் என்றதும், உள்ளூரில் ஆள் பாருங்கள் என்று பேனாவால் வட்டம் போட்டார். பிறகு முன்பக்கம். கடைசி வரியில் கொஞ்ச நேரம் நின்றார்.

"இதை அவங்க கேப்பாங்கம்மா. இப்பல்லாம் கையெழுத்து வாங்கித்தான் போடுறாங்க" என்றார்.

"கேட்டா சந்தோசம் சிஸ்டர். வலியில இருக்கும்போது கேட்டா நான் எதுக்கு வேணா தலையாட்டுவேன். அதான் எழுதிட்டேன்."

அவர் சிரித்துவிட்டு, ஒரு நகல் எடுத்துக் கேஸ் ஷீட்டோடு வைக்கச் சொல்லுங்கள் என்றார்.

ராத்திரி அம்மா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்தார். பத்தாவது படித்தவர், வாய்விட்டுத்தான் படிப்பார். எட்டு வரியையும் இரண்டு தரம் படித்தார். பிறகு தாளை என்னிடம் நீட்டி, "கேளு" என்றார்.

"என்னம்மா?"

"ஒப்பிக்கிறேன், சரியான்னு பாரு. உள்ள போனா இந்தப் பேப்பரு எங்க கெடக்குமோ. நான்தானே நிப்பேன்."

முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். ஐந்தாவதில் தடுமாறினார், எடுத்துக்கொடுத்தேன். எட்டாவது வரியைச் சொல்லும்போது தடுமாறவில்லை.